பணம் இருந்தாலும் கார் இல்லை: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் லிமிடெட் எடிஷன் ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றி ஒரு சின்னக் குறிப்புதான் போட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கோபக் கடிதங்கள். காரின் மேல் ஆசை, கம்பெனியின் மேல் எரிச்சல், டீலரின் மேல் அதைவிட எரிச்சல். சிலவற்றைச் சுருக்கித் தருகிறேன். திட்டுகளை மட்டும் எடுத்துவிட்டேன்.

கே: பத்தாயிரம் பேர் வாங்க நிற்கும்போது 500 கார், 1,000 கார் என்று நிறுத்திக்கொள்வது என்ன வியாபாரம்? கூடுதலாகச் செய்து விற்றால் அவர்களுக்கும் லாபம்தானே?
– எஸ். கே., கோயம்புத்தூர்

ப: இந்த எண்ணிக்கை முதலில் வியாபாரத் தந்திரமாக வரவில்லை, ரேஸ் விதியாக வந்தது. ஒரு காரைச் சில வகைப் போட்டிகளில் இறக்க வேண்டுமென்றால் அதே மாதிரி காரைப் பொதுமக்களுக்கு இத்தனை செய்து விற்றிருக்க வேண்டும் என்று கட்டாயம். போர்ஷே 1972 பாரிஸ் மோட்டார் ஷோவில் காட்டிய 911 கரேரா ஆர்எஸ் 2.7 அப்படி வந்ததுதான், அதற்கு வேண்டிய எண் 500. அந்த 500 போணியாகுமா என்று கம்பெனியின் விற்பனைப் பிரிவுக்கே சந்தேகமாம். சில வாரங்களில் தீர்ந்துவிட்டது. என்ன செய்தார்கள்? இன்னும் செய்தார்கள். கடைசிக் கணக்கு 1,580. மூன்று மடங்கு செய்ததால் அந்தக் காருக்கு மவுசு குறைந்துவிட்டதா என்றால், இன்றைக்கும் ஏலத்துக்கு வந்தால் பல லட்சம் டாலருக்குப் போகிறது.

அதே போர்ஷே 2016 ஜெனீவா ஷோவில் 911 ஆர் என்று ஒரு காரைக் கொண்டுவந்தது. அப்போது ரசிகர்களுக்கு ஒரு பெரிய மனக்குறை இருந்தது: 911-ன் ஜிடி3 மாடலில் மேனுவல் கியரை எடுத்துவிட்டு, கிளட்ச் பெடலே இல்லாத பிடிகே கியர்பாக்ஸ் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 911 ஆர் அதற்கு நேர் எதிர். 500 குதிரைத்திறன் தரும் 4 லிட்டர் இன்ஜின், பின்னால் அந்தப் பெரிய விங் கிடையாது, ஆறு கியர் மேனுவல் மட்டும்தான், எடை 1,370 கிலோ. கேட்டதெல்லாம் ஒரே காரில் வந்து சேர்ந்தது, எண்ணிக்கை மட்டும் 991. ஏன் 991? அந்தத் தலைமுறை 911-க்குக் கம்பெனிக்குள் வைத்திருந்த குறியீட்டு எண் அது. எந்த ரேஸ் விதியும் அந்த எண்ணைக் கேட்கவில்லை. அதிலும் முதல் பந்தி, போர்ஷேயின் அதைவிடப் பல மடங்கு விலையுள்ள 918 ஸ்பைடர் காரை ஏற்கெனவே வாங்கியிருந்தவர்களுக்கு. டேஷ்போர்டில் டிரைவருக்குப் பக்கத்து சீட் பக்கமாக ஒரு சின்ன அலுமினியத் தகடு, அதில் இது எத்தனையாவது கார் என்று எண். அமெரிக்காவில் ஷோரூம் விலை 1,84,900 டாலர். கைமாறும்போது அதைப்போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கேட்டார்கள், பத்து லட்சம் டாலருக்கு மேல் போட்டு விளம்பரம் செய்தவர்களும் உண்டு. என்னைக் கேட்டால் அந்த வித்தியாசம் முழுக்க அந்தத் தகட்டுக்கான விலை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அடுத்த வருடமே, 2017-ல், புதிய ஜிடி3-யில் மேனுவல் கியரைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் ஷோவில் 'டூரிங்' என்று ஒன்றையும் காட்டினார்கள், அதிலும் விங் கிடையாது, மேனுவல் மட்டும், எண்ணிக்கை வரம்பு எதுவும் அறிவிக்கவில்லை. 911 ஆரின் கைமாற்று விலை மடமடவென்று இறங்கியது. ஆக, மேனுவல் கியர் வைத்த அந்த மாதிரி காரை 991-க்கு மேல் செய்ய முடியாமல் தொழிற்சாலையில் எந்தத் தடையும் இருக்கவில்லை. மனமிருந்தால் செய்திருக்கலாம், ஒரு வருடம் கழித்துச் செய்தும் காட்டினார்கள்.

அவர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கார்பன் ஃபைபர் பாகங்கள் மெதுவாகத்தான் வரும், கையால் செய்யும் வேலை அதிகம், ஒரு மாடலுக்கு இத்தனை இன்ஜின்தான் ஒதுக்க முடியும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் உண்மையான தொழிற்சாலைக் கணக்கு தற்செயலாக மாடல் எண்ணோடும் பிறந்த வருடத்தோடும் பொருந்திப் போகுமா? 2023-ல் வந்த 911 எஸ்/டி எத்தனை தெரியுமா? 1,963. 911 பிறந்த வருடம் 1963. இதெல்லாம் போஸ்டருக்காகப் போட்ட எண். திரையை விலக்கும் முன்பே எல்லாம் விற்றுப்போயிருக்கும், ஸ்டாக் தேங்காது, தள்ளுபடி கொடுக்க வேண்டாம், கிடைக்காதவர் அடுத்த தடவையாவது கிடைக்கட்டும் என்று இன்னொரு சாதாரண மாடலை வாங்கிக் கணக்கை ஏற்றிக்கொள்வார். லாபம் எங்கே என்று கேட்டீர்களே, அங்கேதான்.

கே: இந்தியாவுக்கு மட்டும் ஏன் 100 கார், 150 கார் என்று கிள்ளிக் கொடுக்கிறார்கள்? நாம் வாங்க மாட்டோமா?
– ஆர். வி., சென்னை

ப: வாங்குவோம் என்பது 2025-ல் தெளிவாகவே தெரிந்துவிட்டது. ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ முதல் தவணையாக 150 கார், விலை கிட்டத்தட்ட 53 லட்சம், அந்த விலையை அறிவிப்பதற்கு முன்பே எல்லாம் புக் ஆகிவிட்டது. அதில் ஒரு வேடிக்கையும் உண்டு. புக் செய்ய வேண்டுமென்றால் முதலில் ஜிடிஐ பற்றிய சின்ன வினாடி வினாவுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஐம்பது லட்சம் கொடுப்பவருக்குப் பரீட்சை வைத்த ஒரே ஷோரூம் அதுவாகத்தான் இருக்கும்! அதே வருடம் அக்டோபரில் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், 100 கார், 50 லட்சத்துக்கு ஆயிரம் ரூபாய் குறைவு. அதுவும் புக்கிங் திறந்த வேகத்திலேயே முடிந்தது. இரண்டிலும் இருப்பது ஒரே குடும்பத்து 2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 265 குதிரைத்திறன். ஒன்றைத் தவறவிட்டவர் இன்னொன்றுக்கு ஓடியிருப்பார்.

காரணம் இரண்டு. இந்தியாவில் ஒரு புது மாடலை விற்க இங்கே சோதனைக்கு அனுப்பிச் சான்றிதழ் வாங்க வேண்டும், அதற்குக் காசும் ஆகும், மாதங்களும் ஆகும். (நம் ஒரகடத்திலேயே அதற்கான மையம் இருக்கிறது.) 2018-ல் ஒரு சலுகை கொண்டுவந்தார்கள்: வலது பக்க ஸ்டீயரிங் உள்ள, வெளிநாட்டில் சான்றிதழ் வாங்கிய காரை ஒரு நிறுவனம் வருடத்துக்கு 2,500 வரை இங்கே மறுபடி சோதிக்காமல் இறக்கலாம். அந்த வழியில்தான் இப்படிப்பட்ட கார்கள் வருகின்றன. இன்னொரு காரணம் வரி. வெளிநாட்டிலேயே முழுதாகத் தயாராகி வரும் பெட்ரோல் காருக்குச் சுங்க வரியே 70 சதவீதம், விலை உயர்ந்தவற்றுக்கு அதைவிட அதிகம், அதற்கு மேல் ஜிஎஸ்டி, அப்புறம் நம் ஊர் சாலை வரி. ஜெர்மனியில் நடுத்தரச் சம்பளக்காரர் தவணையில் ஓட்டும் காரை இங்கே தொழிலதிபர் யோசித்து வாங்க வேண்டியிருக்கிறது.

ஆனால் கவனியுங்கள், விதி சொல்வது 2,500. 150-ம் 100-ம் கம்பெனிகள் போட்டுக்கொண்ட கணக்கு. அந்தக் கணக்குக்குப் பின்னால் ஒரு பயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். 2016-ல் ஃபோக்ஸ்வேகன் மூன்று கதவு போலோ ஜிடிஐ-யை 99 மட்டும் கொண்டுவந்து 25.99 லட்சம் விலை வைத்தார்கள். போலோவுக்கு இவ்வளவா என்று ஆட்கள் முகத்தைச் சுளித்தார்கள், கார்கள் ஷோரூமில் நின்றன, அப்புறம் ஆறு லட்சத்தை வெட்ட வேண்டிவந்தது. சூடு கண்ட பூனை, அதுதான் இப்போதும் கிள்ளிக் கொடுக்கிறது.

கே: ஒரு ஜப்பானிய ஹாட் ஹேட்ச் (சின்ன கார், சக்தி அதிகம்) வாங்க எட்டு டீலர்களிடம் போய்விட்டேன். எல்லோரும் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் விலைக்கு மேல் பத்தாயிரம், பதினைந்தாயிரம் டாலர் கேட்கிறார்கள். இது சட்டப்படி சரியா?
– எம். பி., எடிசன், நியூ ஜெர்சி

ப: எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் பொதுவாகச் சட்டப்படி தவறில்லை. அந்தக் கண்ணாடி ஸ்டிக்கர் 1958-ல் வந்த ஒரு சட்டத்தால் கட்டாயமானது, மன்ரோனி என்ற செனட்டர் கொண்டுவந்ததால் அவர் பெயரிலேயே இன்றும் அழைக்கிறார்கள். அந்தச் சட்டம் விலையை எழுதி ஒட்டச் சொல்கிறதே தவிர, அந்த விலைக்குத்தான் விற்க வேண்டும் என்று சொல்லவில்லை. அதில் போட்டிருப்பது தயாரிப்பாளர் 'பரிந்துரைக்கும்' விலை. டீலர் தனி முதலாளி, கம்பெனியிடம் காரை வாங்கித் தன் விலைக்கு விற்கிறார். கம்பெனி நேரடியாக உங்களுக்கு விற்கலாமே என்றால், பெரும்பாலான மாநிலங்களில் டீலர்களைக் காப்பாற்றும் சட்டங்கள் அதற்குக் குறுக்கே நிற்கின்றன. அதனால்தான் பெரிய ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டி ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், நீங்களும் பார்த்திருப்பீர்கள்: 'சந்தை நிலவரத் திருத்தம்' என்று ஒரு வரி, எதிரே ஐந்து இலக்கம், அதற்குக் கீழே நீங்கள் கேட்காத பெயின்ட் பாதுகாப்பு, நைட்ரஜன் காற்று. முதல் நாள் முதல் காட்சிக்குத் தியேட்டர் வாசலில் பிளாக்கில் டிக்கெட் விற்பவருக்கும் இவருக்கும் வித்தியாசம், இவருக்கு ஏசி ரூம் இருக்கிறது.

கம்பெனி நினைத்தால் கொஞ்சம் கட்டுப்படுத்த முடியும். டாட்ஜ் 2018 மாடலாக சேலஞ்சர் டீமனைக் கொண்டுவந்தபோது (3,300 கார், அமெரிக்காவுக்கு 3,000, கனடாவுக்கு 300) ஸ்டிக்கர் விலைக்கோ அதற்குக் கீழோ விற்கப்பட்ட ஆர்டர்களை முதலில் செய்வோம், மேலே வைத்து விற்றவை கடைசியில் என்று அறிவித்தது. டீலரைத் தடுக்கச் சட்டம் இல்லாவிட்டாலும் அவரை வரிசையின் பின்னால் தள்ள முடிந்தது.

உங்களுக்கு நான் சொல்வது: அந்தக் கார் எண் போட்ட லிமிடெட் எடிஷன் இல்லையென்றால், தொடர்ந்து உற்பத்தியில் இருக்கிறதென்றால், பொறுங்கள். முதல் வருட ஆவேசம் அடங்கியதும் அந்தக் குட்டி ஸ்டிக்கர் தானாக உதிரும். பெரிய நகரத்து டீலரை விட்டு, வேறு மாநிலத்தில் பிக்கப் டிரக் அதிகம் விற்கும் சின்ன ஊர் டீலருக்குப் போன் போட்டுப் பாருங்கள். எந்த விலை சொன்னாலும் முன்பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய் வார்த்தையை நம்பிப் பணம் கட்டியவர்கள் எழுதிய கடிதங்கள் என்னிடம் நிறைய இருக்கின்றன.

கே: வாங்கிய மறுநாளே லாபத்துக்கு விற்பவர்களைத் தடுக்க வழியே இல்லையா?
– ஜே., திருச்சி

ப: முயற்சி செய்திருக்கிறார்கள். 2016-ல் ஃபோர்டு ஜிடி காருக்கு விண்ணப்பம் வாங்கினார்கள், வேலைக்குப் போடுவது மாதிரியே. முதல் 500 காருக்கு முழுதாகப் பூர்த்தி செய்து வந்த விண்ணப்பங்கள் 6,506. நீங்கள் எப்படிப்பட்ட ரசிகர், ஓட்டுவீர்களா, பூட்டி வைப்பீர்களா என்றெல்லாம் கேள்வி. தேர்வானவர் இரண்டு வருடத்துக்கு விற்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். மல்யுத்தத்தில் இருந்து சினிமாவுக்கு வந்த ஜான் சீனா, கார் கைக்கு வந்த கொஞ்ச நாளிலேயே விற்றுவிட்டார் என்று ஃபோர்டு 2017-ல் வழக்கே போட்டது, அடுத்த வருடம் சமரசத்தில் முடிந்தது. போர்ஷே 911 எஸ்/டி-க்கு அமெரிக்காவில் வேறு வழி பிடித்தது. முதல் வருடம் லீஸில்தான் தருவோம், அப்புறம்தான் கார் உங்கள் பெயருக்கு. பெயரில் இல்லாத காரை எப்படி விற்பது?

ஜப்பானில் பல தடவை குலுக்கல். டொயோட்டா ஜிஆர்எம்என் யாரிஸ் 500 கார், அப்புறம் ஜிஆர் கரோலா ஆர்ஸெட் 500, மொரிஸோ எடிஷன் 70, எல்லாமே குலுக்கலில் போனவை. எனக்குப் பிடித்தது இதுதான். கிடைக்காவிட்டாலும் யாரும் நம்மை எடை போட்டு ஒதுக்கவில்லை, அதிர்ஷ்டம் இல்லை என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம்.

கே: ஃபெராரியில் பணத்தைக் கொட்டினாலும் ஸ்பெஷல் கார் தர மாட்டார்களாமே?
– டி. என்., கொழும்பு

ப: உண்மைதான். அவர்கள்தான் உங்களைக் கூப்பிட வேண்டும். முன்பு எத்தனை ஃபெராரி வாங்கினீர்கள், வைத்திருக்கிறீர்களா, விற்றுவிட்டீர்களா என்றெல்லாம் பார்ப்பார்கள். சந்தை கேட்பதைவிட ஒன்று குறைவாகச் செய் என்பது நிறுவனர் என்ஸோ ஃபெராரியின் கொள்கை என்று சொல்வார்கள். அவர் பெயரையே வைத்த என்ஸோ காரில் 399 என்று கோடு போட்டார்கள். பிறகு 400-வது ஒன்றைச் செய்து போப் இரண்டாம் ஜான் பாலுக்குக் கொடுத்தார்கள். அது 2005-ல் ஏலத்துக்கு வந்து, கிடைத்த பணம் 2004 சுனாமியில் பாதிக்கப்பட்டவர்களின் நிவாரணத்துக்குப் போனது. உங்கள் காலி நகரத்தையும் எங்கள் நாகப்பட்டினத்தையும் அடித்த அதே சுனாமிதான். லாஃபெராரியும் 499-தான். 2016-ல் இத்தாலியில் நிலநடுக்கம் வந்தபோது 500-வதைச் செய்து 70 லட்சம் டாலருக்கு ஏலம் விட்டார்கள். நல்ல காரியத்துக்கு மட்டும் கோட்டைத் தாண்டியிருக்கிறார்கள் என்ற மட்டில் அதற்கு ஒரு சலாம்.

கே: கடன் வாங்கியாவது ஒரு லிமிடெட் எடிஷன் காரை முதலீடாக வாங்கிப் போடலாமா?
– பெயர் வேண்டாம், ஈரோடு

ப: வேண்டாம். கடன் என்ற வார்த்தையிலேயே பதில் முடிந்துவிட்டது, இருந்தாலும் ஒரு கதை சொல்கிறேன். 1988-ல் பர்மிங்ஹாம் கார் கண்காட்சியில் ஜாகுவார் எக்ஸ்ஜே220 என்று ஒரு மாதிரியைக் காட்டியது, வி12 இன்ஜின், நான்கு சக்கரத்துக்கும் சக்தி. அப்போது ஸ்பெஷல் கார் சந்தை கொதித்துக்கொண்டிருந்தது, ஃபெராரி எஃப்40 ஒன்று பத்து லட்சம் பவுண்டுக்குக் கைமாறிய காலம். 350 கார்தான் என்று அறிவித்ததும் ஆளுக்கு 50,000 பவுண்டு முன்பணத்தோடு 1,500 பேர் போல வந்து நின்றார்கள். 1992-ல் கார் வந்தபோது உள்ளே இருந்தது வி6 டர்போ, பின் சக்கரத்துக்கு மட்டும் சக்தி, விலையும் ஏறியிருந்தது, அதற்குள் பொருளாதாரமும் படுத்துவிட்டது. முண்டியடித்து வந்தவர்களே காரே வேண்டாம், விட்டால் போதும் என்று ஓடினார்கள், கோர்ட் வரை போனது. கடைசியில் 300-கூடத் தேறவில்லை. கார் ஒன்றும் மோசமில்லை, அந்தக் காலத்தில் உலகத்திலேயே வேகமான கார்களில் ஒன்று. வாங்க நின்றவர்களில் ஓட்டுபவர்கள் குறைவு, அவ்வளவுதான்.

எஃப்40-யையே எடுத்துக்கொள்ளுங்கள். 400 செய்வதாக இருந்து 1,300-க்கும் மேல் செய்தார்கள், 90-களில் விலை விழுந்தது, இன்றைக்கு மறுபடி பல கோடி. நடுவில் கடன்காரருக்கு வட்டி கட்ட முடியாமல் விற்றவர் கதி என்ன? கார் காத்திருக்கும், பேங்க் காத்திருக்காது.

கே: நான் கல்லூரி மாணவன். இந்தக் கார்களை எப்போதும் வாங்கப் போவதில்லை. ஆனாலும் 'விற்றுத் தீர்ந்தது' என்று படித்தால் கோபம் வருகிறது. ஏன்?
– கே. எஸ்., மதுரை

ப: ஏனென்றால் ஓட்ட வேண்டிய காரைப் பிளாஸ்டிக் உறை போட்டு ஏசி கிடங்கில் நிறுத்தி வைக்கிறார்கள் என்று தெரிந்துதான். எனக்கும் வருகிறது.

ஒன்று செய்யுங்கள். சென்னைக்குப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையிலோ கோவைக்குப் பக்கம் செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயிலோ ரேஸ் நடக்கும்போது ஒரு வார இறுதி போய்விட்டு வாருங்கள். 'கரி' என்பது கரிவர்தன். கோவைக்காரர், மில் குடும்பம், ரேஸ் ஓட்டியவர். வெளிநாட்டு ரேஸ் கார் வாங்கும் வசதி எத்தனை பேருக்கு இருக்கும் என்று யோசித்து, மாருதி 800 இன்ஜினை வைத்து மலிவாக ஒற்றை சீட் ரேஸ் கார்களைச் செய்தார். வசதி குறைந்த பையன்களும் ட்ராக்கில் இறங்க முடிந்தது அதனால்தான். நரேன் கார்த்திகேயன் தன் ஆரம்ப ரேஸ்களை ஓட்டியது அந்த ஃபார்முலா மாருதியில், பிறகு 2005-ல் ஃபார்முலா ஒன் வரை போனார். டேஷ்போர்டில் தகடு இல்லை, தகடு அடிக்க டேஷ்போர்டே கிடையாது.

கே: உங்களுக்கு ஒரே ஒரு லிமிடெட் எடிஷன் கார் தருகிறோம் என்றால் எதைக் கேட்பீர்கள்?
– அதே கோயம்புத்தூர் எஸ். கே.

ப: சுபாரு இம்ப்ரெஸா 22பி, 1998. இரண்டு கதவு, புடைத்த மட்கார்டு, நீல நிறம். ஜப்பானுக்கு 400, பிரிட்டனுக்கு 16, ஆஸ்திரேலியாவுக்கு 5. வலது பக்க ஸ்டீயரிங், அதனால் நமக்குத் தோது, ஆனால் இத்தனை பழைய காரை இறக்க நம் இறக்குமதி விதி விடாது. ஆகவே கோத்தகிரி பாதையில் ஓட்டும் திட்டத்தைக் கைவிட்டு, ஜப்பானுக்கு விமான டிக்கெட்டும் சேர்த்துத் தருவீர்களா?